டோக்கன் கொடுத்தாச்சு, ஓனரைக் காட்ட மாட்டேன் என்கிறார் புரோக்கர்

குரோம்பேட்டை_குடித்தனம் | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டு வருடமாகக் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த வருடம்தான் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு. 1,100 சதுர அடி மனை, கீழ்த்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை. புரோக்கர் சொன்ன விலை 68 லட்சம்.

நேற்றுதான் போய்ப் பார்த்தோம். வாசலை விட்டு இறங்குவதற்குள், "வேளச்சேரியிலிருந்து ஒரு பார்ட்டி சாயங்காலம் அட்வான்ஸோட வராங்க சார். உங்களுக்குப் பிடிச்சிருந்தா இப்பவே ஒரு டோக்கன் போட்டுடுங்க, நான் அவங்களை நிறுத்தி வைக்கிறேன்" என்றார். எனக்கும் பதற்றம். ஐம்பதாயிரத்தை ஜீபேயில் அவர் நம்பருக்கே அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் "50 வந்தது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இன்று காலையிலிருந்து ஓனரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். "அவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க, வயசானவங்க, பத்திரப்பதிவு அன்னைக்கு நேரா வந்துடுவாங்க" என்கிறார். பத்திர ஜெராக்ஸ் என்று கொடுத்ததில் முதல் இரண்டு பக்கமும் கடைசிப் பக்கமும்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் பத்து லட்சம் அட்வான்ஸ் தர வேண்டுமாம், அதில் ஐந்து ரொக்கமாக.

எங்கேயோ இடிக்கிறது. ஆனால் வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

சேலையூர்_சைக்கிள் | திங்கள், இரவு 10.41

முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை வரைக்கும் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜீபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் உங்கள் மனைவி போனுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். வேளச்சேரி பார்ட்டி எனக்கும் மூன்று வீட்டில் "சாயங்காலம்" வந்தார்கள்.

ஆவண_எழுத்தர்_செங்கை | செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் 26 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்கு அவர் தராத நடுப்பக்கங்களில்தான் சொத்து விவரம் இருக்கும். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, அளவு எல்லாம் அங்கேதான். அது இல்லாமல் நீங்கள் எதையும் சரிபார்க்க முடியாது. முழுப் பத்திரம் கேளுங்கள். தர மறுத்தால் முதல் பக்கத்தில் உள்ள ஆவண எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் போதும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். புரோக்கர் தயவு தேவையில்லை.

அதே தளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல், இலவசமாகப் பார்க்கலாம். பல அலுவலகங்களுக்கு 1975-இல் இருந்து கணினியில் ஏறியிருக்கிறது. ஆவண எண்ணைப் போட்டு மட்டும் பார்க்காதீர்கள், சர்வே எண்ணைப் போட்டும் பாருங்கள். புரோக்கர் எடுத்துக் கொடுக்கும் வில்லங்கத்தில் காலம் குறைவாக இருக்கும், அல்லது உட்பிரிவு மாறி இருக்கும். கேட்டால் "நில் என்ட்ரி சார், கிளீனா இருக்கு" என்பார்கள். தப்பான எண்ணைப் போட்டால் எந்த மனைக்கும் கிளீனாகத்தான் வரும். குறைந்தது 30 வருடத்துக்கு நீங்களே எடுங்கள்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், பதிவு செய்யாத குடும்பப் பாகப்பிரிவு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய ஓனர் வரை கைமாறிய ஒவ்வொரு படியையும் ஒரு வக்கீல் பார்க்க வேண்டும். அப்பா சொத்து மகனுக்கு வந்திருந்தால், மகள்கள் எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சட்டத்தில் பங்கு வந்துவிட்டது. "தங்கச்சி எல்லாம் கேக்க மாட்டாங்க" என்று ஓனருக்குப் பதில் புரோக்கர் வாக்குக் கொடுத்த வீடுகள் கோர்ட்டில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடப் போவது ஓனரா, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்திருக்கும் பவர் ஏஜென்டா என்பதையும் இப்போதே கேளுங்கள். பவர் பத்திரத்தால் மட்டும் உரிமை கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட் ஓனருக்காகக் கிரயம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், பவர் ரத்தாகாமல் இருக்க வேண்டும். அதனால் கோயம்புத்தூரிலோ எங்கேயோ, அந்த ஓனரை நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

ரொக்கம் ஐந்து லட்சம் என்பதைக் காதிலேயே வாங்காதீர்கள். வீடு, மனை விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பணத்தைக் கைநீட்டி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். பத்திரத்தில் ஏறாத பணத்தை நாளைக்கு நீங்கள் யாரிடமும் நிரூபிக்கவும் முடியாது.

குரோம்பேட்டை_குடித்தனம் | செவ்வாய், காலை 8.05

ஐயா, மிக்க நன்றி. இன்று மாலையே வில்லங்கம் எடுத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். என் மனைவி கவனித்தது. அந்த வீட்டில் பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன. ஹாலில் டிவி வைக்கிற இடத்தில்கூடத் தலைக்கு நேராக ஒன்று. கீழே பழைய பாயின்ட் இருந்த இடங்களைச் சிமென்ட் பூசி அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தடவிப் பார்த்தால் சதுரம் சதுரமாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. பெயின்ட்டும் இடுப்புக்குக் கீழே மட்டும் புதிது. புரோக்கரிடம் கேட்டதற்கு, "சின்னப் பசங்க கை வைக்கக் கூடாதுன்னு ஓனர் உசரத்துல வச்சாங்கம்மா" என்றார்.

வரதராஜபுரம்_வாசி | செவ்வாய், காலை 8.32

உங்கள் மனைவிக்கு முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள். அந்த வீட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

நான் பக்கத்து ஊர்தான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எந்த அளவு முங்கியது என்று ஊருக்கே தெரியும். எங்கள் தெருவில் படகு வந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு வயரிங் மாற்றியவர்கள் எல்லோரும் பாயின்ட்டை மேலே ஏற்றித்தான் வைத்தோம். என் வீட்டிலும் அப்படித்தான்.

ஏரியா முழுக்க மோசம் என்று சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு மாறும். மேட்டில் இருக்கிற வீடுகளில் ஒரு சொட்டும் ஏறவில்லை. எனவே உள்ளே பார்க்காதீர்கள், உள்ளே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பக்கத்துக் காலி மனையின் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள், அதற்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடும். மரக்கதவு நிலையின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், ஊறின மரம் பொதபொதவென்று இருக்கும். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், மளிகைக் கடைக்காரர், மாடிக் குடித்தனக்காரர் யாரிடமாவது "2015-இல் எங்கே தங்கினீர்கள்" என்று கேளுங்கள். "தண்ணி வந்துச்சா" என்று கேட்டால் வீட்டு விலை இறங்கும் என்று தயங்குவார்கள். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால் கதையே வரும்.

தெரிந்தே ஒரு குடும்பத்தை வெள்ளத்தில் குடிவைக்கப் பார்க்கிற இவரை நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு ராத்திரி நாங்கள் என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மாடிக்குத் தூக்கிப் போனோம்.

கோவை_மீனா | செவ்வாய், பகல் 1.10

ஓனரைக் காட்டாததற்கு வெள்ளம் மட்டும் காரணமாக இருக்காது சகோ. விலையையும் பாருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2021-இல் கோவையில் ஒரு ஃபிளாட் வாங்கினோம், மறுவிற்பனை. புரோக்கர் சொன்ன விலை 47 லட்சம். ஓனர் வீட்டுக்கு எங்களை இரண்டு முறை கூட்டிப் போனார், காபி எல்லாம் குடித்தோம். ஆனால் போகும்போதெல்லாம் காரிலேயே ஒன்று சொல்லிவிடுவார்: "மேடம், அவர் ரொம்ப சென்டிமென்ட் பார்ப்பார். கட்டின வீட்டை விக்கிறோமேன்னு வருத்தத்துல இருக்கார். அவர்கிட்ட ரேட் பேச்சை எடுக்காதீங்க, எடுத்தா விக்கலைன்னு சொல்லிடுவார்." நாங்களும் நாகரிகமாக வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே அவர்களிடம் "அந்தம்மா கோவக்காரங்க, ரேட்டை எங்கிட்டயே விட்டுடுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

41 லட்சம் பேங்க் மூலம், மீதி ஆறு லட்சம் ஓனர் ரொக்கமாகக் கேட்கிறார் என்றார். பதிவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு மஞ்சப்பையில் ஆறு லட்சத்தைக் கட்டி அவர் கையில் கொடுத்தோம். அதில் இரண்டு லட்சம் என் நகையை வைத்து வாங்கியது.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நம்பருக்குக் காத்திருந்தோம். ஓனரின் மனைவி டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கு இரண்டு இட்லி வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே, "நாற்பத்தஞ்சு கேட்டோம்மா, பொண்ணு கல்யாணச் செலவு இருக்கு, அதான் நாற்பத்தொண்ணுக்கே முடிச்சுட்டோம்" என்றார். எனக்கு இட்லி உள்ளே இறங்கவில்லை. "அப்ப அந்த ஆறு?" என்று கேட்டேன். "எந்த ஆறும்மா?" என்றார்.

புரோக்கர் வெளியே டீக்கடையில் நின்றிருந்தார். ஓனர்தான் முதலில் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தார். பணத்தை வைக்கும் வரை கையெழுத்துப் போட மாட்டோம் என்று இரண்டு குடும்பமும் ஒன்றாக நின்றோம். மூன்று மணிக்குள் நாலு லட்சம் வந்தது. மீதி இரண்டு இன்றுவரை வரவில்லை. "அது என் உழைப்பு" என்றார். இதற்கு மேல் கமிஷன் என்று ஒரு சதவீதம் தனியாக வேறு வாங்கியிருந்தார்.

அந்த டிபன் பாக்ஸ் இல்லை என்றால் எனக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது.

தரகுத்தொழில்_22 | செவ்வாய், இரவு 9.48

நான் புரோக்கர். 22 வருடமாகத் தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை இதே தொழில்தான். இங்கே எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மீனா அக்கா சொன்னதற்கு எங்கள் பக்கத்தில் "நெட் ரேட்" என்று பேர். ஓனர், "எனக்குக் கையில அறுபது வந்தா போதும், மேல எவ்வளவு வச்சாலும் நீ எடுத்துக்கோ" என்பார். அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் விலை தெரியாமல் இருந்தால்தான் அது நடக்கும், அதனால்தான் இரண்டு பேரையும் பேச விடுவதில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் என்னையும் அப்படிப் பழக்கப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஓனருக்கு ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கொடுத்து, தன் ஆள் பெயரில் விற்பனை உடன்படிக்கை போட்டுக்கொள்வது. மூன்று மாதக் கெடு. அந்த மூன்று மாதத்துக்குள் உங்களைப் போல் ஒருவரைப் பிடித்து, உங்கள் அட்வான்ஸிலேயே ஓனருக்கு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். சொந்தப் பணம் ஒன்றும் போடாமல் நடுவில் ஏழெட்டு லட்சம் நிற்கும். ஆள் கிடைக்காவிட்டால் ஓனர் வீடு அந்த உடன்படிக்கையில் சிக்கிக் கிடக்கும். தம்பி, உங்கள் ஓனரைக் காட்டாததற்கு இது காரணமாக இருக்கலாம். வில்லங்கத்தில் பாருங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: என் கமிஷன் இவ்வளவு சதவீதம், பதிவு முடிந்த பிறகு தந்தால் போதும், அட்வான்ஸ் ஓனர் கணக்குக்கு நேராகப் போகட்டும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். ஒரு புரோக்கர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அவர் கமிஷனுக்கு வேலை செய்யவில்லை, வேறு எதற்கோ செய்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு, கோபப்படாமல் கேளுங்கள். இருபது வீடு காட்டியிருப்பேன், பெட்ரோல் என்னுடையது. ஓனரை அறிமுகப்படுத்திய மறுநாளே என்னைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் நேரடியாக முடித்துக்கொள்வார்கள். போன வருடம் மட்டும் எனக்கு அப்படி நாலு கைவிட்டுப் போனது. ஓனரைக் காட்டப் பல புரோக்கர்கள் பயப்படுவதற்கு இதுவும் காரணம். எழுதி வைத்துக்கொண்டால் அந்தப் பயமும் போகும்.

கடலூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.15

எல்லா புரோக்கரும் ஒன்றுதான். ஆன்லைனில் "ஓனர் நேரடி விற்பனை" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், கமிஷனே வேண்டாம்.

சேலையூர்_சைக்கிள் | செவ்வாய், இரவு 10.37

அப்படி நினைத்துத்தான் நானும் எட்டு மாதம் தேடினேன். "ஓனர்" என்று போட்ட நம்பர்களில் பாதிக்கு மேல் புரோக்கர். வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால் "மாமா பேர்ல இருக்கு" என்பார்கள். 22 வருட அண்ணா சொல்வது சரி, எழுதி வாங்குவதுதான் வழி. நான் கடைசியில் ஒரு நல்ல புரோக்கர் மூலம்தான் வாங்கினேன். மனை அளவில் பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் 60 சதுர அடி வித்தியாசம் இருப்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். விற்பனை நின்றுபோனால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் சொன்னார்.

துபாய்_தமிழன் | புதன், காலை 11.20

தனி வீடு மட்டும் இல்லை, மனை வாங்குகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் என் கதையையும் சொல்கிறேன்.

நான் இங்கே வேலையில் இருக்கிறேன். ஊரில் அப்பாதான் சைட் பார்க்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பினார்கள், மதியம் பிரியாணி, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். வாசலில் வளைவு, இரண்டு பக்கமும் பாக்கு மரம், "டிடிசிபி அப்ரூவ்டு" (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல்) என்று பெரிய போர்டு. ஏஜென்ட் எனக்கு வீடியோ காலில் மனை எண் கல்லைக் காட்டினார். முப்பதடிச் சாலைக்கு நேராக, அருமையான மனை. ஒன்றரை லட்சம் புக்கிங் அனுப்பினேன்.

ஊருக்கு வந்தபோது லேஅவுட் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானே எண்ணினேன். என் எண் மூலையில், தாழ்வான இடத்தில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. வீடியோவில் காட்டியது வேறு கல். போர்டில் இருந்த அப்ரூவலும் பக்கத்து லேஅவுட்டுடையது, இவர்களுடையது விண்ணப்பித்த நிலையிலேயே நின்றிருந்தது.

நான் தப்பித்தது ஒரே காரணத்தால். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்டேன். 2016-ஆம் வருடச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமோ எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடமோ என்றால் பதிவு தேவையில்லை. இது பல ஏக்கர். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவோ புக்கிங் வாங்கவோ கூடாது. அப்படிப் பதிவான திட்டத்தை விற்கிற ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஏஜென்ட் இதை மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், மனை விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு ரெராவில் மனு போடப் போகிறேன் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் புக்கிங் பணம் திரும்பியது. வட்டி எதுவும் இல்லை, ஐந்து மாதம் ஆனது.

மூல இழையில் இருப்பது ஒற்றை வீட்டு மறுவிற்பனை. அதற்கு ரெரா கைகொடுக்காது. அங்கே ஆவண எழுத்தர் ஐயா சொன்னதுதான்.

அம்பத்தூர்_அகிலா | புதன், பகல் 2.05

ஒரு சந்தேகம். பேங்கில் லோன் சாங்ஷன் ஆகிவிட்டால் பத்திரம் சரி என்று வைத்துக்கொள்ளலாமா? எங்கள் புரோக்கர் அப்படித்தான் சொல்கிறார், தனி வக்கீல் வேண்டாம் என்கிறார்.

ஆவண_எழுத்தர்_செங்கை | புதன், பகல் 3.30

வைத்துக்கொள்ள முடியாதம்மா. பேங்க் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கிறார். கொடுக்கிற கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. அந்தச் சட்டக் கருத்தின் நகலைப் பல இடங்களில் உங்களுக்குத் தரவும் மாட்டார்கள். தனியாக ஒரு வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கும் தொகை, வீட்டு விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புரோக்கர் சிபாரிசு செய்கிற வக்கீலாக மட்டும் இருக்க வேண்டாம்.

செலவுக் கணக்கையும் அவரையே போடச் சொல்லாதீர்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்தில் தெருவைப் போட்டே பார்க்கலாம். "ஆபீஸ் செலவு" என்று அவர் தனியாக ஒரு தொகை கேட்டால், எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. இதை எந்த புரோக்கரும் நினைவுபடுத்துவதில்லை. பின்னால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

குரோம்பேட்டை_குடித்தனம் | ஞாயிறு, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னியுங்கள். நிறைய நடந்துவிட்டது.

செவ்வாய் மாலையே நகலுக்குப் பணம் கட்டினேன். அதில் கிடைத்த சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் எடுத்தேன். தரகுத்தொழில் அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விற்பனை உடன்படிக்கை பதிவாகியிருக்கிறது. மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது, ஆனால் ரத்து ஆகவில்லை.

வியாழக்கிழமை புரோக்கரிடம் சொல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனோம். இஸ்திரி போடுகிற அக்காவிடம், 2015-இல் எங்கே இருந்தீர்கள் என்று என் மனைவி கேட்டாள். "பள்ளிக்கூடத்து மாடியில நாலு நாள்" என்றார். பிறகு வண்டியை விட்டு எழுந்து வந்து, பக்கத்து மனைச் சுவரில் கோட்டைத் தொட்டுக் காட்டினார். என் மார்பு உயரம். ஓனர் அம்மா எங்கே என்று கேட்டோம். கோயம்புத்தூரா? பம்மலில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அங்கிருந்து இருபது நிமிடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் இறந்து மூன்று வருடம். நாங்கள் யார் என்று சொன்னதும், "தண்ணி வந்த வீடுன்னு சொன்னாரா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "வாங்கறவங்ககிட்ட கட்டாயம் சொல்லிடுங்கன்னு சொல்லித்தானே சாவியைக் கொடுத்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கேட்ட விலை 59 லட்சம். எங்களிடம் சொன்னது 68.

உடன்படிக்கை என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புரியவில்லை. வீட்டை விற்றுத் தர அனுமதிப் பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கையில் ஒரு லட்சம் கொடுத்ததை "முன்பணம்" என்று மட்டும் நினைத்திருக்கிறார். எதிர்த்தரப்பில் இருக்கும் பெயர் புரோக்கருடைய மச்சான் என்று மகள் விசாரித்துச் சொன்னார்.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. 59-க்குத் தருகிறேன் என்று அந்த அம்மா சொன்னார், மனசு ஆடியது உண்மை. ஆனால் எங்கள் மகளுக்கு நாலு வயது. கீழ்த்தளம் மட்டும் உள்ள வீட்டில் டிசம்பர் மாதத்தில் தூங்க எங்களால் முடியாது.

டோக்கனில் முப்பதாயிரம் நேற்று வந்தது, அந்த அம்மாவின் மகள் போன் செய்து பேசிய பிறகு. மீதி இருபதுக்கு வாட்ஸ்அப்பில் தேதி கேட்டேன், பதில் இல்லை. இன்று காலை காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிட்டேன்.

இப்போது என் கேள்வி எனக்காக இல்லை. அந்த அம்மாவின் வீட்டை இனி வேறு யாருக்காவது விற்க முடியுமா?

ஆவண_எழுத்தர்_செங்கை | ஞாயிறு, இரவு 10.02

விற்கலாம் தம்பி, ஆனால் இந்த நிலையில் விவரம் தெரிந்தவர் யாரும் வாங்க மாட்டார்கள். உடன்படிக்கை வில்லங்கத்தில் இருக்கும்வரை, புதிதாக வாங்குகிறவர் அதைத் தெரிந்தே வாங்கியதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடு தேதியிலிருந்து மூன்று வருடம் வரை அந்த மச்சான், "எனக்குக் கிரயம் செய்து கொடு" என்று வழக்குப் போட முடியும். அந்தப் பிடி கையில் இருப்பதால்தான் அவர்கள் அவசரப்படவில்லை.

நல்ல வழி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ரத்து ஆவணம் பதிவு செய்வது. ஒரு லட்சத்தை டிடியாகவோ பேங்க் மூலமோ திருப்பிக் கொடுத்து, அந்த விவரத்தையும் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. அவர் வர மறுத்தால், கெடு முடிந்தும் மீதிப் பணம் தரவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதற்குத் தனியாகப் புகாரும் கொடுக்கலாம். உங்கள் சிஎஸ்ஆர் ரசீது அதற்கு உதவும். நீங்கள் கொடுத்த புகாரில் 68, 59 இரண்டு விலையையும் எழுதினீர்களா? இல்லை என்றால் கூடுதல் மனுவாகக் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவை என்னிடம் அழைத்து வர முடியுமா? எழுத்துக் கூலி வேண்டாம். மூலப்பத்திரம், கணவருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடன்படிக்கையின் நகல், ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வரச் சொல்லுங்கள். வீடு கணவர் பெயரில் இருந்தால் மகளும் வர வேண்டும். புதன்கிழமை பதினொன்றரைக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

தரகுத்தொழில்_22 | ஞாயிறு, இரவு 10.20

அந்த மச்சான் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள் தம்பி. தாம்பரம் வட்டாரம் என்றால் எனக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட வைக்க நான் பேசிப் பார்க்கிறேன்.

குரோம்பேட்டை_குடித்தனம் | திங்கள், காலை 7.40

ஐயா, அந்த அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். பத்திரம் கணவரும் அவரும் சேர்ந்து வாங்கியது, இருவர் பெயரிலும் இருக்கிறது. மகள் பாதி நாள் லீவு போட்டு வருகிறார். வாரிசுச் சான்று அசல் கிடைக்கவில்லை, ஜெராக்ஸ் இருக்கிறதாம், அது போதுமா? புதன்கிழமை நானும் மனைவியும் பம்மலில் இருந்து அவர்களை ஆட்டோவில் அழைத்து வந்துவிடுகிறோம்.

ஆவண_எழுத்தர்_செங்கை | திங்கள், காலை 7.55

இப்போதைக்கு ஜெராக்ஸ் போதும். அழைத்து வாருங்கள்.